முப்பத்தேழாவது கண்ணி

முப்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தேழு இருந்தது.

மறுபடியும் எண்ணினாள். இந்த முறை பின்னலின் ஒவ்வொரு கண்ணியிலும் குரோஷே ஊசியின் முனையை வைத்து, உதடு அசைய, பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரி எண்ணினாள். முப்பத்தேழு. காலையிலிருந்து விடாமல் பெய்த மழை சன்னலின் தகர மறைப்பில் தட்டிக்கொண்டிருந்தது. மேல்வீட்டில் யாரோ நாற்காலியைத் தரதரவென்று இழுத்தார்கள். குளியலறைக் குழாய் வழக்கம்போலச் சொட்டிக்கொண்டிருந்தது. மதியம் இரண்டு மணிதான், ஆனால் விளக்குப் போடாமல் நூலின் நிறம் தெரியவில்லை. மகள் பள்ளி விட்டு வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

கணக்குத் தப்புகிறவள் இல்லை அவள். பதினோரு வருடமாக நூலில் பொம்மை பின்னி விற்கிறாள். அந்த அடுக்குமாடியில் எல்லோருக்கும் அவள் பொம்மைக்கா. அவளுடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும் என்று கணவன் கேலி செய்வான். கரடி, முயல், யானை என்று எதைக் கேட்டாலும் செய்வாள். அதிலும் உருண்டை பொம்மை அவளுக்கு அரைத்தூக்கத்தில் வரும். ஆறு கண்ணியில் தொடங்கி, சுற்றுக்கு ஆறாகக் கூட்டிக்கொண்டே போய், முப்பத்தாறு ஆனதும் கூட்டுவதை நிறுத்த வேண்டும். சில சுற்றுகள் அப்படியே. பிறகு அதே ஆறாகக் குறைத்துக்கொண்டே வந்தால் பந்து தானாக வாயை மூடிக்கொள்ளும். இதில் தப்பு வர இடமே இல்லை.

அந்தச் சுற்றைப் பிரித்து மறுபடி போட்டாள். சத்தமாக எண்ணியபடியே போட்டாள். முப்பத்தாறில் நிறுத்தினாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வந்து எண்ணியபோது முப்பத்தேழு.

விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தபோதுதான் அந்தக் கூடுதல் கண்ணி எது என்று தெரிந்தது. வலக்கையால் பின்னும்போது கண்ணிகள் எல்லாம் ஒரே பக்கமாக, காற்றில் சாய்ந்த புல் மாதிரி, இலேசாகச் சாய்ந்திருக்கும். இந்த ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. இடதுகைக்காரர்கள் பின்னினால்தான் அப்படி வரும்.

அந்த வீட்டில் இடதுகைக்காரர் யாரும் இல்லை.

பொம்மை வேறு யாருக்காகவாவது இருந்திருந்தால் நூலைச் சுருட்டி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பாள். இது தெருமுனை மருந்துக்கடைக்காரிக்கு. அவளுடைய ஒரே மகன் இரண்டு மாதத்துக்கு முன்னால் இறந்துபோனான். மூன்றே நாள் காய்ச்சல். அலமாரி அலமாரியாக மருந்து அடுக்கி வைத்திருந்தவளுக்கு ஒரு மருந்தும் கைகொடுக்கவில்லை. போன வாரம் அவள் ஒரு காகிதப் பையோடு வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. பையில் மஞ்சள் ஸ்வெட்டர் ஒன்று இருந்தது. அதைப் பிரித்து, அந்த நூலிலேயே உருண்டோடி பொம்மை ஒன்று செய்து தர வேண்டும் என்று கேட்டாள்.

உருண்டோடி எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. தொலைக்காட்சியில் மாலை நேரத்தில் வருகிற கார்ட்டூன். கழுத்தில்லாமல், இடுப்பில்லாமல், உடம்பு முழுக்க வயிறாகவே இருக்கும் மஞ்சள் உருண்டை. மொட்டு மாதிரி இரண்டு கை, இரண்டு கால். நடக்கவே நடக்காது. எங்கே போனாலும் உருண்டே போய், வழியில் நிற்கிறவர்களை எல்லாம் சாய்த்துவிட்டுச் சிரிக்கும். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதன்மேல் உயிர்.

“துவைக்காம போடுங்கக்கா,” என்றாள் மருந்துக்கடைக்காரி. “அவன் வாசம் அதுல இருக்கு.”

பழைய நூலைப் பிரித்தால் துவைத்துத்தான் நெளிவு எடுக்க வேண்டும். ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டாள். போன வருடம் மகளுக்கு மூச்சிரைப்பு வந்த ஒரு விடிகாலையில், ஷட்டரைத் தூக்கிக் கடையைத் திறந்து மருந்து கொடுத்தவள் அவள். அந்த முகத்தைப் பார்த்து எப்படி முடியாது என்பது? இன்னொன்றும் இருந்தது. இறந்த பையன் மகளுடைய வகுப்பு. இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. அவன் போய், தன் பிள்ளை நல்லபடியாக இருப்பதே ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி மருந்துக்கடைக்காரி முன்னால் அவளைக் கூச வைத்தது.

ஸ்வெட்டரை நூல் தராசில் வைத்தபோது இருநூற்றுப் பத்து கிராம் இருந்தது. பிரிக்கப் பிரிக்க, பின்னலை அவிழ்த்த கூந்தல் போல நூல் நெளிநெளியாக மடியில் விழுந்தது. வியர்வை, பென்சில் சீவல், நெஞ்சில் தடவும் தைலம் எல்லாம் கலந்த ஒரு வாசனை. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் அது அவள் விரல்களிலிருந்து போகவில்லை.

மகளைச் சுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தபோது சுண்டெலி மாதிரி இருந்தாள் என்று அப்பா வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு ஈர மழைக்கோட்டைக் கழற்றக்கூட நிற்காமல் அவள் நேராக நூல்கூடையிடம் போனாள். பொம்மை யாருக்கு என்று அவளிடம் சொல்லவில்லை. ஸ்வெட்டரைக் கண்ணில் காட்டவும் இல்லை. பாதி முடிந்திருந்த மஞ்சள் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து, அதன் வாயில் தன் வாயை வைத்து ஏதோ சொன்னாள். பிறகு காதில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

என்ன சொல்கிறது என்று அம்மா விளையாட்டாகக் கேட்டாள்.

“எண்ணிக்கிட்டு இருக்கான்.”

“எதை?”

“தெரியல. முப்பத்தேழு வரைக்கும் வந்துட்டான்.”

அம்மா அதை வாங்கி அலமாரிக்கு மேல் வைத்தாள். முந்தானையைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டாள். சத்தமாக எண்ணியிருப்போம், வாசலுக்குக் கேட்டிருக்கும் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவள் எண்ணியபோது மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

ஆறு மணிக்கு வீட்டுப்பாடம். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்து பார்த்தபோது சுண்டு தாளின்மேல் கவிழ்ந்து மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து நன்றாக, குண்டுகுண்டாக இருந்தது. பென்சில் இடது கையில் இருந்தது. எந்தக் கையால் எழுதுகிறாய் என்று அம்மா கேட்டதற்கு, அவள் தன் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். முகத்தில் உண்மையான குழப்பம். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவன் அப்படித்தானே எழுதுவான் என்று மட்டும் சொன்னாள்.

கணவன் லாரி ஓட்டுகிறவன். அந்த வாரம் இரண்டு நாள் தூரத்தில் இருந்தான். போனில் எல்லாவற்றையும் கொட்டினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றான் அவன். செத்த பிள்ளையின் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்கும் மனது அப்படித்தான் போகும், சீக்கிரம் முடித்துக் கொடுத்து அனுப்பு என்றான். அவன் குரலைக் கேட்டதில் கொஞ்சம் தெம்பு வந்தது. அன்றிரவே அவள் கையும் காலும் பின்னி, கருப்புக் கண் இரண்டையும் பொருத்தினாள். சிரிக்கிற வாயைக் கருப்பு நூலால் தைத்தாள். அடுத்த நாள் பஞ்சு அடைத்து, குறைத்து, மூடிவிட்டால் முடிந்தது.

அடுத்த நாள் மழையால் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். சுண்டு கூடத்தில் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டு, ஏதோ மெட்டை வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளறையில் பஞ்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த அளவு பொம்மைக்கு இரண்டு பிடி பஞ்சு போதும். இரண்டு பிடி போட்டாள். உள்ளே விரலை விட்டுப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்னும் இரண்டு பிடி. பிறகு பை பாதி. ஒவ்வொரு பிடியும் உள்ளே போனதும், யாரோ மெதுவாக வாங்கிக்கொள்வது மாதிரி, விரலை விட்டு நழுவிப் போயிற்று.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

விரலை வெடுக்கென்று எடுத்தாள். அப்போதுதான் மடியில் இருந்த பாரம் உறைத்தது. பொம்மையைத் தராசில் வைத்தாள். ஆயிரத்து நானூறு கிராம். தராசு கெட்டிருக்கும் என்று ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தூக்கி வைத்தாள். சரியாக ஆயிரம் காட்டியது. பொம்மையை மறுபடி வைத்தாள். ஆயிரத்து அறுநூறு.

கூடத்திலிருந்து சுண்டு, கை கழுவ வேண்டும், குழாய் எட்டவில்லை என்று கூப்பிட்டாள். போய் இடுப்பில் கைகொடுத்துத் தூக்கினாள். தூக்குவதற்குத் தயாராக இருந்த கை வேகத்தில் பிள்ளை மேலே போய்க் கூரையில் இடித்துவிடுவாள் போலிருந்தது. காலி அட்டைப் பெட்டியைத் தூக்கிய மாதிரி. பிள்ளையின் கை ஐஸாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தாள். மகளின் உதட்டில் நிறமே இல்லை. காய்ச்சலா, தலைவலியா, எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்டாள். எதுவும் இல்லை என்றாள் சுண்டு. தூக்கமாக வருகிறது என்றாள்.

அதற்குமேல் அவளுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பிரித்துவிட வேண்டும். எல்லாவற்றையும் நூலாக்கிப் பையில் போட்டு, என்னால் முடியவில்லை என்று கொடுத்துவிட வேண்டும். உள்ளறைக்கு ஓடி வந்து, ஊசியில் மாட்டியிருந்த கடைசிக் கண்ணியை விடுவித்து, நூலைப் பிடித்து இழுத்தாள். டிக், டிக், டிக் என்று கண்ணிகள் வரிசையாகக் கழன்றன. ஒரு சுற்று. இரண்டாவது சுற்று.

“அம்மா, இழுக்காத. வலிக்குது.”

கூடத்திலிருந்து வந்தது குரல். அழுகை இல்லை. சாதாரணமாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. போய்ப் பார்த்தாள். சுண்டு சட்டைக் கையை ஏற்றிவிட்டு மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லிய நூலை இறுக்கிச் சுற்றி அவிழ்த்த மாதிரி இரண்டு சிவப்பு வளையங்கள்.

இரண்டு சுற்று. இரண்டு வளையம்.

அவள் மருந்துக்கடைக்குப் போன் செய்தாள். மகளுக்கு உடம்பு சரியில்லை, பொம்மை முடிகிற நிலையில் இருக்கிறது, இப்போதே வந்து எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றாள். குரலை அடக்கத்தான் பார்த்தாள். அடங்கவில்லை. மருந்துக்கடைக்காரி மகளுக்கு என்ன என்று கேட்கவில்லை. எந்த மருந்தும் சொல்லவில்லை.

“மூடிட்டீங்களா?” என்றாள்.

“இன்னும் இல்லைங்க. கொஞ்சம் பாக்கி.”

“மூடி வைங்க. தொறந்திருந்தா நான் எடுத்துக்க மாட்டேன்.”

“நீங்க வாங்க, இங்கேயே—”

“நான் வர்றதுக்குள்ள மூடிடுங்கக்கா. நல்லா இறுக்கி.”

போன் வைத்துவிட்டாள்.

மணி ஐந்தரை. இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் எல்லா விளக்குகளையும் போட்டாள். வெளியே போக வேண்டும், அது போதும், இந்த உருண்டை என் வாசலைத் தாண்டினால் போதும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே ஊசியை எடுத்தாள். விட்ட இடத்திலிருந்து போட்டாள். முப்பது. இருபத்துநாலு. பஞ்சின் வெள்ளை குறுகிக்கொண்டே வந்தது. பதினெட்டு. மடியில் பாரம் ஏறிக்கொண்டே போய்த் தொடை மரத்துப்போனது. பொம்மை இலேசாக உப்பி, இலேசாக அடங்கியது. அதைப் பார்க்கவில்லை. கண்ணியை மட்டும் பார்த்தாள். பன்னிரண்டு. கூடத்தில் மகள் முனகும் மெட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் விரல்கள் ஓடின. ஆறு.

இனி கூடுதல் கண்ணி எதுவும் இல்லை. கணக்கு சரியாக இருந்தது.

ஓட்டை ஒரு சட்டைப் பொத்தான் அளவு. தையல் ஊசியில் நூல்முனையைக் கோத்து, ஆறு கண்ணியிலும் விட்டு எடுத்து, இழுத்தாள். சுருக்குப் பை மாதிரி வாய் மூடிக்கொண்டது. இரண்டு முடிச்சு. மீதி நூலை உள்ளே செலுத்தி வெட்டினாள்.

முனகல் நின்றது.

மழை பெய்தது. குழாய் சொட்டியது. கூடத்தில் ஒன்றுமில்லை.

“சுண்டு?”

தரையில் வெறுங்கால் ஓடும் சத்தம். கனமாக, தொப் தொப் என்று. வாசல் தாழ்ப்பாள் விலகியது. மணி அடிக்கவில்லை. யாரும் கதவைத் தட்டவும் இல்லை.

பொம்மையை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கதவு திறந்திருந்தது. நடையில் மருந்துக்கடைக்காரி நின்றிருந்தாள். குடை இல்லை. மழைக்கோட்டிலிருந்து நீர் சொட்டி அவள் காலடியில் தேங்கியிருந்தது. ரொம்ப நேரமாக நின்றிருக்க வேண்டும். அவள் எதிரில் சுண்டு. கன்னம் சிவந்து, உதடு சிவந்து, நிமிர்ந்து.

“ஏம்மா இவ்வளவு நேரம்?” என்றாள் சுண்டு, மருந்துக்கடைக்காரியைப் பார்த்து.

மருந்துக்கடைக்காரி முழந்தாளிட்டாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை. இரண்டு கையாலும் பிள்ளையின் முகத்தைத் தடவினாள். நெற்றி, காது, முகவாய். தொலைந்த சாமான் உடையாமல் கிடைத்ததா என்று பார்க்கிற மாதிரி.

பொம்மை கையிலிருந்து விழுந்தது. அவள் பாய்ந்து மகளின் தோளைப் பிடித்தாள். சூடான, கனமான தோள். தன் பிள்ளையின் தோள். பிள்ளை திரும்பிப் பார்த்தாள். கூடப் படிக்கிறவர்களின் அம்மாவைப் பார்க்கிற பார்வை. கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் மரியாதை.

“போயிட்டு வர்றேன் ஆன்ட்டி,” என்றாள்.

சொல்லிவிட்டு மருந்துக்கடைக்காரியின் மழைக்கோட்டுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தாள். பிடித்த தோளை அவள் விடவில்லை. சுண்டு, நான்தான், அம்மா, என்னைப் பார் என்றாள்.

“கைய விடுங்கக்கா,” என்றாள் மருந்துக்கடைக்காரி, மெதுவாக, ஏறக்குறைய அன்பாக. “புள்ள பயப்படுறான்.”

அப்போது பின்னாலிருந்து கேட்டது. தரை மட்டத்திலிருந்து. துணிக்குள் வாயை வைத்துப் பேசின மாதிரி.

“அம்மா.”

பிடி தளர்ந்தது. ஒரு நொடி. அவ்வளவுதான். கதவு சாத்திக்கொண்டது. படியில் இரண்டு ஜோடிக் கால்கள் இறங்கின. அதில் ஒன்று இரண்டிரண்டு படியாகத் தாவிக்கொண்டு போயிற்று.

அவள் போகவில்லை. போக முடியவில்லை. மண்டியிட்டபடியே தரையில் நகர்ந்து, நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டு நின்ற மஞ்சள் உருண்டையை எடுத்தாள். சூடு. தூக்கியதும் கைக்குத் தெரிந்தது, தினமும் குழாயடியில் தூக்குகிற அதே பாரம். கருப்பு நூலில் தைத்த வாய் சிரித்தபடி இருந்தது.

“அம்மா, லைட்டப் போடு.”

எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தன.

“போட்டிருக்கும்மா,” என்றாள். “போட்டிருக்கேன்டா தங்கம்.”

“இருட்டா இருக்கு. பஞ்சு வாய்க்குள்ள வருது.”

உள்ளறைக்குப் போய் கத்தரிக்கோலை எடுத்தாள். விரித்தாள். நுனியை மஞ்சளின்மேல் வைத்தாள். மணிக்கட்டின் சிவப்பு வளையங்கள் கண்ணில் வந்தன. எந்த நூல். எந்தப் பக்கம். எதை வெட்டினால் எது அறும். கத்தரிக்கோல் அங்கேயே நின்றது. வெட்டவும் இல்லை, விலகவும் இல்லை.

கத்தரியின் நுனிக்குக் கீழே கம்பளி மெல்ல மேலெழும்பியது. ஐந்து சின்ன மேடுகள். பஞ்சுகூட வெளியே தெரியாதபடி நெருக்கி நெருக்கி அவளே பின்னிய பின்னலை உள்ளிருந்து தொட்டு, ஒரு கண்ணி விடாமல் தடவிக்கொண்டு, வழியைத் தேடி அவை நகர்ந்தன.